ஊசியும் குளிசையும் ஒன்றில்லை

எங்கள் வீட்டில் மருந்தைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் மனுசன். மற்றவர் அவரைப் பெற்றவர், என் மாமி. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சண்டையில் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் விட்டது. ஊருக்குத் திரும்பிய பிறகு என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு போய் வகுப்பு வாங்கில் குந்தி இருக்க வெட்கமாக இருந்தது. ஆகவே எனக்கு ஒன்றும் விளங்காது என்பது வீட்டில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட விசயம். ஆனால் யாருக்கு என்ன நடந்தாலும் ஓட்டோவுக்கு ஓடுகிறவள் நான். டொக்டருக்கு முன்னால் நின்று பேச்சு வாங்குகிறவளும் நான்.

நான் பயந்த சுபாவம். மழை இருட்டினால் கூரைத் தகட்டை நினைப்பேன், வெயில் எறித்தால் கிணற்றை நினைப்பேன். இதைச் சொல்லிச் சொல்லியே இரண்டு பேரும் என்னைப் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும். நான் பயந்தவற்றில் பாதிக்கு மேல் நடந்திருக்கிறது.

மனுசன் கடலட்டைக்குச் சுழியோடுகிறவர். இலுப்பைக்கடவைப் பக்கமும் போவார், தீவைச் சுற்றியும் போவார். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆழத்தில் கூடநேரம் கிடந்துவிட்டு அவசரமாக மேலே வருகிற ஆட்களுக்கு மூட்டு மூட்டாக நோவெடுக்கும். இவருக்கு முழங்காலும் தோளும். படகில் யாரோ ஒரு நோவு மாத்திரைக் குளிசையைக் கொடுத்தார்கள், ட்ரமடோல் என்று. நல்ல சுகம் என்றார். பிறகு ஒன்று காணாது, இரண்டு வேணும் என்றார், பிறகு இரண்டும் காணாது. அதற்குப் பிறகு தூளுக்குப் போனார். எங்கள் கரையில் தூள் என்றால் ஹெரோயின்தான், அதைப் பச்சைக் குழந்தைக்கும் விளக்கத் தேவையில்லை.

ஒரு முற்பகல் அவரை கரையில் வாடிக் கொட்டிலுக்குப் பின்னால், வலைக் குவியலில் சாய்ந்தபடி கண்டேன். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூச்சு ஒன்று வரும், பிறகு வராது. நானும் என் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க இன்னொன்று வரும். ஓட்டோவில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியெல்லாம் மாமி செபமாலையை உருட்டினார். வாசலில் இறங்கும்போது என் கையைக் கிள்ளி, வலிப்பு என்று சொல்லு, தூள் என்று சொன்னால் பொலிசுக்குப் போய்விடும் என்றார். நான் தூள் என்றுதான் சொன்னேன். மாமி அதற்குப் பிறகு ஒரு கிழமை என்னோடு சரியாக முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ஒரு ஊசி போட்டார்கள். அப்படி ஒன்றை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. கொஞ்ச நேரத்துக்குள் ஆள் கண்ணைத் திறந்து, எழும்பி இருந்து, ஏன் என்னை எழுப்பினீர்கள் என்று தாதியைப் பேசத் தொடங்கிவிட்டார். மாமி அழுதழுது சிரித்தார். எனக்கும் கை கால் எல்லாம் லேசாகிவிட்டது. சரி, வீட்டுக்குப் போகலாம் என்று நான் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஆள் மறுபடி தலையைத் தொங்கப் போட்டார். மூச்சு பழையபடி இழுபட்டது. தாதி ஓடி வந்து இரண்டாம் ஊசியைப் போட்டார். அந்த ஊசி மருந்து உடம்பில் நிற்கிற நேரம் குறைவாம். அது போன பிறகும் தூள் உள்ளே மிச்சம் இருக்குமாம். அதனால்தான் எழும்பின ஆளை உடனே வீட்டுக்கு விடுவதில்லையாம். நான் அன்று பின்னேரம் முழுக்க அவருடைய நெஞ்சையே பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். மாமிக்கோ இரண்டாவது ஊசி மனதில் பதியவேயில்லை. செத்த பிள்ளை எழும்பினது மட்டும்தான் பதிந்தது.

அந்த ஊசியின் பெயர் நலோக்சோன் என்று பிறகு கிளினிக்கில் தெரிந்தது. கிளினிக் டொக்டர் வயது குறைந்த பெண். கோபிக்காமல் கதைப்பார், ஆனால் ஒரு விசயத்தைச் சொன்னால் திருப்பிச் சொல்லச் சொல்லுவார், பள்ளிக்கூடம் மாதிரி. அவர் எழுதித் தந்தது வேறு மருந்து, குளிசை. நல்ட்ரெக்சோன். இரண்டும் செய்கிற வேலை ஒரே மாதிரித்தான் என்றார். மூளையில் ஒரு கதிரை இருக்கிறது என்று வையுங்கோ, அதில்தான் தூள் போய்க் குந்திக்கொள்கிறது. இந்த மருந்துகள் போனால் தூளைத் தள்ளி விழுத்திவிட்டுத் தாங்கள் இருந்துகொள்ளும். ஆனால் தூள் தருகிற மயக்கத்தைத் தராது, சும்மா கதிரையை மறித்துக்கொண்டு இருக்கும், அவ்வளவுதான். ஊசி சாகக் கிடக்கிற ஆளுக்கு. குளிசை, விட்ட ஆள் திரும்பிப் போகாமல் இருக்க.

எனக்கு அது என் பாணியில் விளங்கியது. ஊசி, வந்து தேத்தண்ணியும் குடிக்காமல் எழும்பிப் போகிற சொந்தம். குளிசை, பெட்டியோடு வந்து இறங்குகிற சொந்தம். ஒருக்கால் உள்ளே விட்டால் அன்று முழுக்கப் போகாது. இதைச் சொன்னபோது டொக்டர் சிரித்துவிட்டு, அதுதான் ஆபத்தும் என்றார். உடம்பில் தூள் இருக்கிற ஆளுக்குக் குளிசையைக் கொடுத்தால் ஒரேயடியாக எல்லாம் தள்ளுப்படும், ஆள் படாத பாடு படுவார், ஊசி மாதிரிச் சுருக்காக விடவும் மாட்டாது. ஆகவே ஒரு கிழமை முதல் பத்து நாள் ஒன்றும் தொடாமல் இருக்க வேண்டும், பிறகு கிளினிக்குக்கு வந்து சோதித்துப் பார்த்துத்தான் முதல் குளிசை. என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். மனுசனையும் சொல்லச் சொன்னார். சொன்னார். வெளியே வாங்கில் இருந்த மாமியை ஒருவரும் கேட்கவில்லை.

குளிசை கிளினிக்கில் அப்போது இல்லை. டொக்டர் எழுதிய துண்டைக் கொண்டுபோய்ப் பாமசியில் சொல்லி வைத்து, வெளியூரிலிருந்து வரவழைத்து, நாள் வரும்வரை அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்தேன். பாமசிக்காரரிடம், வெளிநாட்டில் அந்த ஊசி மருந்தை மூக்குக்குள் அடிக்கிற போத்தலாக வீட்டில் வைத்திருக்கிறார்களாமே, போனில் பார்த்தேன், அது ஒன்று தர ஏலுமோ என்றும் கேட்டேன். அது இங்கே இல்லை, அக்கா, ஏதும் எண்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேணும் என்றார். நான் ஓடித்தானே பழக்கம்.

அந்த நாட்கள் இலேசானவை அல்ல. மனுசன் தூள் இல்லாமல் வியர்த்தார், காலை உதறினார், சுவரோடு கதைத்தார். பிறகு கொஞ்சம் அடங்கினார். அடங்கின விதம் பார்த்து நான் சந்தோசப்பட்டேன். அங்கேதான் என் பயம் வேலை செய்திருக்க வேண்டும், அன்று பார்த்து அது லீவில் போய்விட்டது.

இடையில் மாமியின் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் குடிகாரப் புருசன்மாருக்குத் தெரியாமல் சோற்றில் மருந்து கலந்து கொடுக்கிற பழக்கம் உண்டு. பெரியமடுப் பக்கம் ஒரு வைத்தியர் பொடி கட்டிக் கொடுப்பார். பெண்கள் அதை வாங்கி வந்து, ஒன்றும் தெரியாத முகத்தோடு குழம்பில் கரைப்பார்கள். மாமியும் மாமாவுக்குக் கரைத்தவர். மாமா குடியை விட்டது பொடியாலா, ஈரல் பழுதாகி டொக்டர் வெருட்டியதாலா என்று மாமாவுக்கே தெரிந்திருக்காது. மாமிக்குத் தெரியும். பொடியால்தான். ஆம்பிளையிடம் கேட்டுக் கேட்டு மருந்து கொடுக்கிறவள் விசரி என்பது மாமியின் கட்சி.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து திருக்கைக் கறி வைத்தேன். மனுசன் நன்றாகச் சாப்பிட்டார். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் கொட்டாவி விடத் தொடங்கினார், ஒன்றின் மேல் ஒன்றாக. மூக்கால் ஓடியது. கையில் மயிரெல்லாம் குத்திட்டு, உரித்த கோழித்தோல் மாதிரி ஆனது. பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு, இரண்டும் ஒன்றாக. கிணற்றடியில் விழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, என்னைக் கொன்றுபோடுங்கோ என்று கத்தினார். அந்த மனுசன் காலில் திருக்கை முள் ஏறியபோதே வாய் திறக்காதவர்.

மறுபடி ஓட்டோ. மறுபடி அதே வாசல். என்ன நடந்தது என்று கேட்ட தாதிக்கு நான் வாய் திறக்க முன்னம் மாமி சொன்னார், மீன் பழுதாப் போச்சுப் போலை, பிள்ளை பாத்து வாங்கேல்லை என்று. என் கறியை. வெள்ளாப்பிலேயே கரைக்குப் போய், புரட்டிப் போட்டு மணந்து பார்த்து வாங்கிய மீனை. அதே கறியை நானும் சாப்பிட்டேன், மாமியும் சாப்பிட்டார். நாங்கள் இரண்டு பேரும் கல்லு மாதிரி நிற்கிறோமே, பழுதான மீன் ஆள் பார்த்தா கடிக்கும் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் தாதி அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார். மாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. பொய் சொல்லும்போது மட்டும்தான் மாமி முகத்தைப் பார்க்கமாட்டார்.

தகவல் போய், கிளினிக் டொக்டரே வார்டுக்கு வந்துவிட்டார். மனுசனின் கண்ணைப் பார்த்தார், கையைத் தடவிப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"குளிசை குடுத்தனீங்களோ?"

இல்லை, அலுமாரியில் இருக்கிறது, சேலைக்குக் கீழே, நான் சத்தியம் பண்ணுவேன் என்று நான் ஒரே மூச்சில் சொன்னேன். டொக்டர் திரும்பி மாமியைப் பார்த்தார்.

"அரைக் குளிசைதான் போட்டனான்," என்றார் மாமி.

கட்டிலில் கிடந்த மனுசன் தலையைத் தூக்கினார். அந்த வலியிலும் தூக்கினார்.

"அவன்ரை சோத்துக் கோப்பையிலை மட்டும்தான் கரைச்சனான், சட்டியிலை இல்லை," என்றார் மாமி, ஏதோ எங்களுக்குச் சலுகை செய்த மாதிரி. "காலை உதறிக்கொண்டு திரிஞ்சான். திரும்பவும் வாடிப் பக்கம் போயிடுவான் எண்டு பயந்திட்டன். சாகக் கிடந்த நேரமே எழுப்பிவிட்ட மருந்து, நல்லா இருக்கேக்கை என்ன பிள்ளை செய்யப்போகுது?"

அதுதான் மாமியின் கணக்கு. எழுப்பியது ஊசி, அம்மா, இது குளிசை என்று டொக்டர் பொறுமையாகத் தொடங்கினார். பிறகு இடையில் நிறுத்தி மனுசன் பக்கம் திரும்பினார். நாள் கணக்குப்படி தூள் விட்டு ஒரு கிழமைக்குக் கிட்ட வந்துவிட்டதே, அரைக் குளிசைக்கு இவ்வளவு பாடு படக் கூடாதே, இடையில் ஏதாவது எடுத்தீர்களா என்று கேட்டார். மனுசன் கூரை மோட்டைப் பார்த்தார்.

"தூள் தொடேல்லை. சத்தியமா தொடேல்லை," என்றார். "முழங்கால் நோவுக்குக் குளிசைதான் போட்டனான்."

ட்ரமடோல். நேற்றும் போட்டாராம். இன்று பூசைக்குப் போக முன்னமும் போட்டாராம். அவர் அடங்கின காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதுவும் அதே கதிரையில் போய் இருக்கிற சாமான்தான், தூளுக்குத் தம்பி முறை என்றார் டொக்டர். மனுசனுக்கு நம்பிக்கையில்லை. தூள் என்பது தூள், குளிசை என்பது நோவுக்கு, பாமசியில் விற்கிற சாமான் எப்படித் தூளாகும் என்று வாந்தி எடுக்கிற பேசினைப் பிடித்துக்கொண்டு வாதாடினார்.

நான் கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருத்தி, வேறு வேறான இரண்டு மருந்தை ஒன்று என்று நினைத்தாள். ஒருத்தன், ஒன்றான இரண்டு சாமானை வேறு வேறு என்று நினைத்தான். இரண்டு பேருக்கும் நடுவில், எல்லாவற்றையும் சரியாகத் திருப்பிச் சொன்ன நான், பழுதான மீன் வாங்கினவள் என்று நிற்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சலிலேயே டொக்டரிடம், இவருக்கு நோவுக்கு ஒரு ஊசியாவது போடுங்கோ, கத்துகிறதைக் கேட்க முடியவில்லை என்றேன். நோவுக்குப் போடுகிற ஊசியும் தூள் வகைதான், அது இப்போது ஏறாது என்றார். கதிரையில் குளிசை இருக்கிறது, அது எழும்பும்வரை மேலே கூட்டிக் கூட்டிப் போட்டால் ஆபத்து. வாந்திக்கு மருந்து, சேலைன், கொஞ்சம் அமைதிப்படுத்த ஒன்று, மற்றதெல்லாம் பொறுத்துக் கிடக்க வேண்டியதுதான்.

கிளினிக்குக்கு வந்திருந்தால் முதலில் அந்த நலோக்சோன் ஊசி மருந்தைத்தான் கொஞ்சமாகப் போட்டுப் பார்த்திருப்போம் என்றும் சொன்னார். ட்ரமடோல் உள்ளே இருந்தால் அதிலேயே காட்டிக் கொடுத்திருக்கும், ஆளும் கொஞ்ச நேரம் பாடுபட்டுவிட்டு எழும்பியிருப்பார். முதல் தடவை அந்த ஊசி சுருக்காகப் போய்விட்டது என்றுதானே நான் பின்னேரம் முழுக்க அவரின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இப்போது அந்தச் சுருக்கம்தான் புண்ணியம் என்கிறார்கள். சுருக்காகப் போகிற மருந்துக்கும் பயம், போகாமல் நிற்கிற மருந்துக்கும் பயம் என்றால் நான் எதற்குத்தான் பயப்படாமல் இருப்பது.

வீட்டுக்கு வந்த பிறகு புதுச் சிக்கல். மனுசன் எங்கள் கைச் சாப்பாட்டைத் தொடமாட்டேன் என்றார். பேக்கரியில் பாண் வாங்கி வெறும் பாணைத் தின்றார். முற்றத்தில் கல்லு வைத்து, தானே மீனைச் சுட்டு, சட்டியை மடிக்குள் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். தண்ணீரையும் தானே அள்ளினார். மாமி குசினி வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். நான் கலக்கவில்லையே, என்னில் என்ன கோபம் என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் கூட்டுத்தானே," என்றார்.

அன்றுதான் நான் வாயைத் திறந்தேன். கூட்டா? உங்களுக்குத் தெரியாமல் உங்கள் அம்மா செய்தார், எனக்குத் தெரியாமல் நீங்கள் செய்தீர்கள், எனக்குத் தெரியாமல்தானே இந்த வீட்டில் எல்லாம் நடக்கிறது, நான் யாரோடு கூட்டு என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கேட்டேன். மனுசன் சுட்ட மீனில் ஒரு துண்டை எடுத்து என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை. மாமி வந்து வாங்கிச் சாப்பிட்டார். அந்த மனுசிக்கு வெட்கமே இல்லை. ஆனால் சாப்பிடும்போது கண்ணால் தண்ணீர் ஓடியது.

திரும்பவும் முதலிலிருந்து நாள் எண்ணத் தொடங்கினோம். இந்தத் தடவை நோவுக்குளிசையும் இல்லை. முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம், பனடோல், என்னுடைய முறைப்பு. குறித்த நாளில் மூன்று பேரும் கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் இந்தத் தடவை மாமியையும் உள்ளே கூப்பிட்டார். கொஞ்ச ஊசி மருந்து போட்டுவிட்டு எல்லோரும் மனுசனையே பார்த்துக்கொண்டு இருந்தோம். கொட்டாவி விடுகிறாரா, மூக்கு ஓடுகிறதா. அவர் ஒருக்கால் கன்னத்தைச் சொறிந்தார், என் உயிர் போய் வந்தது. நுளம்பு கடித்தது. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு டொக்டர் குளிசையைக் கையில் கொடுத்தார். விழுங்கினார். அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை.

இனிமேல்தான் கவனம் என்றார் டொக்டர், நான் சந்தோசப்படப் பார்க்கிறேன் என்று தெரிந்த மாதிரி. காலில் படகு விசிறி வெட்டினாலோ, ஒப்பரேசன் என்றாலோ, இந்தக் குளிசை போடுகிறேன் என்று முதலில் சொல்ல வேண்டும், நோவுக்கு வேறு வழி பார்ப்பார்கள். ஈரலுக்கு இடைக்கிடை இரத்தம் சோதிக்க வேண்டும். எல்லாவற்றிலும் பெரியது, குளிசையை விட்டுவிட்டு ஒரு நாள் பழைய அளவில் தூள் எடுத்தால் உடம்பு தாங்காது. பழைய பழக்கம் உடம்புக்கு மறந்திருக்கும். மூச்சு நின்றுவிடும். அப்போது அந்த ஊசி கிடைக்கிற தூரத்தில் ஆள் இருக்க வேண்டும். நடுக்கடலில் ஊசி இல்லை. இதையும் திருப்பிச் சொல்லச் சொன்னார். மாமிதான் முதலில் சொன்னார், ஒரு சொல்லும் பிசகாமல்.

ஆகவே இப்போது ஒவ்வொரு காலையும் நான் குளிசையோடு அவருக்கு முன்னால் நிற்கிறேன். யாராவது பார்த்துக்கொண்டிருக்க விழுங்க வேண்டும் என்பது டொக்டரின் கட்டளை. கடலுக்குப் போகிற அவசரத்தில் எரிந்து விழுவார். என்ன, சிறைக்காவலோ என்பார். குளிசையும் தண்ணீரும் என் கையில், உறை கிழிப்பது அவர் கையால். அவர் அதில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டார், உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கிழிப்பார்.

போன கிழமை ஒரு காலை, வேண்டாம் என்றார். முழங்கால் நோகிறதாம். இத்தனை நாள் போட்டாயிற்று, ஒரு நாள் விட்டால் என்ன, கதிரை ஓடிவிடுமா என்றார். படகு எஞ்சின் சத்தம் கரையிலிருந்து கேட்கிறது. ஆட்கள் இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். படகில் யார் இருக்கிறார்கள், அவர்கள் சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மாமி வந்து என் பக்கத்தில் நின்றார். சொல்லி முடிந்தவைதான் எல்லாம். வாசலை மறித்துக்கொண்டு அப்படியே நின்றேன். எஞ்சின் சத்தம் கூடியது. நான் விலகவில்லை.

கடைசியில் பறித்தெடுத்து உறையைக் கிழித்தார்.

"உன்ரை மூஞ்சியைப் பாக்கேலாமல்தான் போடுறன், விளங்குதோ?"

"எதுக்காகப் போட்டாலும் எனக்குக் காரியமில்லை," என்றேன். "விழுங்கினாப் பிறகு வாயைத் திறவுங்கோ, பாப்பம்."